மேல ஏத்திப் போங்க

திருச்சுழி தாண்டி நரிக்குடிச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். தை பிறந்து பத்து நாள் இருக்கும். தார்ச்சாலையில் பாதிக்கு உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வேரோடு பிடுங்கிக் காயவைத்த செடி, நெத்தெல்லாம் கறுத்திருந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரமாக ஒதுக்கினார். வெயிலில் நின்றிருந்தவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஒதுக்காதீக அண்ணாச்சி, மேல ஏத்திப் போங்க!"

எனக்குக் கால் கூசியது. நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். சிந்திய நெல்லில் கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன். இங்கே சக்கரம் ஏறினால்தான் நெத்து உடையும், அடிக்கிற கூலி மிச்சமாகும். ஏற்றினோம். டயருக்கடியில் படபடவென்று வெடித்தது. அவர் முகம் மலர்ந்து, "திரும்பி வந்து இன்னொரு தடவை ஏத்துங்க" என்றார். அப்படித்தான் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

நான் வேறொரு நினைப்போடு வந்திருந்தேன். 2018 ஜனவரியில் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டு, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பெயர் வைத்தது. நாடு முழுக்க 112. தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு: ராமநாதபுரமும் விருதுநகரும். திருச்சுழி விருதுநகரைச் சேர்ந்தது. மழை இல்லை, அதனால் வறுமை என்று நானே கணக்கை முடித்திருந்தேன். வழியெல்லாம் வரிசை கட்டி நின்ற சீமைக்கருவேலமும் அதற்கு ஆமாம் போட்டது.

எங்கள் ஊரில் உளுந்து தனிப் பயிரே இல்லை. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவோம். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அதுவாக விளையும். நெல் பணம் செலவான பிறகு கைக்கு வரும் காசு அது. இங்கே புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைத்து, வந்த மழைக்கு விளைந்ததை எடுத்து, அதை வைத்துத்தான் வருஷம் ஓட வேண்டும். அந்த வித்தியாசம் உறைக்காமல்தான் நான் வாயைத் திறந்தேன்.

விளைச்சல் எப்படி என்று கேட்டேன். "ஏக்கருக்கு மூணு மூடை. குறைசொல்ல முடியாது" என்றார். விளைந்திருக்கிறது! என் கணக்கு அங்கேயே உடைந்தது. 2025-26 பருவத்துக்கு அரசு அறிவித்திருந்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். கமிஷன் கடையில் அதைவிடக் கீழேதான் கேட்கிறார்களாம். அரசு கொள்முதலுக்குக் காத்திருக்கலாமே என்றால், உரக்கடைப் பாக்கியும் நகைக்கடன் வட்டியும் காத்திருக்காது. "நம்ம உளுந்து களத்துக்கு வார நேரத்துக்குத்தான் பர்மா உளுந்தும் மெட்ராஸ்ல வந்து எறங்குது."

"இறக்குமதி இல்லாவிட்டால் டவுனில் பருப்பு விலை ஏறிவிடுமே, அங்கேயும் ஏழைகள் இருக்கிறார்களே" என்று சொல்லிவிட்டேன். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு வாங்கும் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"டவுன் ஏழைக்கு நான் குறைச்சுக் குடுக்கணும். எனக்கு யாரு குறைச்சுக் குடுக்கா? உரம் குறைச்சாகளா, டீசல் குறைச்சாகளா? பர்மாக்காரனுக்குக் கதவைத் தொறந்துவிட்டுட்டு எனக்கு என்ன ஆதரவு விலை?"

என்னிடம் பதில் இல்லை. 2021 மே மாதம் துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு இருந்த வரம்பை அரசு நீக்கியது. துவரைக்கும் உளுந்துக்கும் அந்தத் திறப்பு வருஷா வருஷம் நீண்டுகொண்டே வந்தது. உலகத்தில் பருப்பு அதிகம் விளைவிப்பதும் நாம்தான், அதிகம் தின்பதும் நாம்தான், அதிகம் வாங்குவதும் நாம்தான்.

உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். கையில் தட்டு, தட்டில் உளுந்தங்களி. உருண்டையின் நடுவில் குழி, குழி நிறைய நல்லெண்ணெய், ஓரத்தில் கருப்பட்டி. தோல் நீக்காத உளுந்தை வறுத்துத் திரித்த களி. கரிசல் மண்ணின் நிறத்திலேயே இருந்தது.

"ஏலே, பர்மாக்காரனை என்னத்துக்குலே வையிற? அவனும் சம்சாரிதான" என்றார்.

சம்சாரி என்றால் இந்தப் பக்கத்தில் விவசாயி. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதில்லை என்று தெரிந்தது.

"எங்கய்யா ரங்கூன்ல மூடை தூக்குனவரு தம்பி. சப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாரும் நடந்தே கெளம்பியிருக்காக. கூட வந்ததுல பாதிப்பேர் வழியிலயே போயிட்டாக. ஒரு ஊர்ல ஒரு சம்சாரி வீட்டு வாசல்ல நின்னப்ப, அவிச்ச பயறு குடுத்தாகளாம். பேச்சுப் புரியலையாம். சாகுற வரைக்கும் சொல்லுவாரு."

1942இல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டிலும் மலையிலும் நடந்து வந்ததைப் படித்திருக்கிறேன். அந்த நடையில் வந்தவரின் மகள் எனக்குக் களி வைத்துக்கொண்டு நிற்பார் என்று நினைக்கவில்லை. ரங்கூன் பக்கத்தில் இன்று விளையும் உளுந்தில் பெரும்பங்கு நமக்காகவே விளைகிறது. 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்று தொடங்கிய சண்டைக்கு நடுவில்தான் அந்தச் சம்சாரி விதைக்கிறான்.

களியைத் தின்றபடி மொசாம்பிக் கதையைச் சொன்னேன். சமாதானம் பண்ணச் சொல்லவில்லை, எனக்கே அது அரித்துக்கொண்டிருந்தது. 2015இல் இங்கே துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது நாம் ஆப்பிரிக்காவுக்கு ஓடினோம். மறுவருஷம் மொசாம்பிக்கோடு ஒப்பந்தம். இந்தியா வாங்கும் என்று நம்பி அங்கே சிறு விவசாயிகள் துவரை போட்டார்கள். 2017இல் நம் நாட்டில் துவரை கொட்டி விளைந்தது. ஆகஸ்டில் டெல்லி, வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் துவரை உள்ளே வரக்கூடாது என்று ஒரு தாளில் எழுதியது. அங்கே விலை தரைக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்தால் இவர் வயிற்றில் அடி, மூடினால் அவர்கள் வயிற்றில்.

மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவுகளுக்குக் கமிஷன் கடை உண்டுமா?" என்று கேட்டார்.

"யாராவது ஒரு வியாபாரி வாசலுக்கு வந்து எடை போடுவான்."

"அப்ப நம்மளவிடக் கஷ்டந்தான்." சொல்லிவிட்டு, "ஆனா எம் மூடைக்கு வெலை?" என்றார். கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. விதைக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியாத விலை எந்த நாட்டுச் சம்சாரிக்கும் அநியாயம்தான். டெல்லியில் தாள் எழுதுகிறவர்களுக்கு விதைப்புக்கு முன்பே அதை எழுத முடியும்.

வெயில் தாழ்ந்தது. உடைந்த நெத்தைச் சாலையிலிருந்து அள்ளி, சுளகில் தூற்றினார்கள். பொட்டு பறந்து ஆட்டுக்குட்டிகளின் மேல் விழுந்தது. தார் விரிசலில் சிக்கிய உளுந்தை அந்த அம்மா விளக்குமாற்றால் கூட்டி எடுத்தார்.

நாங்கள் வண்டியில் ஏறியபோது, "நில்லு தம்பி" என்று கைகாட்டினார். எதையோ மறந்து வைத்துவிட்டேன் என்று இறங்கினேன். அவர் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். கருவேல முள் ஒன்றால் டயர்ப் பள்ளத்தில் புதைந்திருந்த உளுந்தை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, இடது உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.