கணவாய் வழியே வரும் காற்று

கோவையிலிருந்து வாளையார் போகும் சாலையில் ஆனி மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். வலப்பக்கம் போளுவாம்பட்டி மலைகள், அவற்றுக்கு வடக்கே நீலகிரி. இடப்பக்கம் தொலைவில் ஆனைமலை. 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் உள்ள இந்த இரு மலைகளுக்கும் நடுவே, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை தாழ்ந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய்.

மலையில் மோதும் தென்மேற்குப் பருவக்காற்று, வால்பாறை சின்னக்கல்லாறு பக்கம் மழையாகக் கொட்டிவிடுகிறது. கணவாய்க்குள் நுழையும் காற்றோ பொள்ளாச்சிக்குச் சாரல் தந்துவிட்டு, பல்லடம், உடுமலைப் பக்கம் பெரும்பாலும் வெறும் காற்றாகவே வீசுகிறது. அங்கே இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

பல்லடம் பக்கம் ஒரு விவசாயி, பொள்ளாச்சி மச்சான் தோட்டத்தைப் பார்த்து வாழை வைத்தார். நானும் தடுக்கவில்லை. குலை தள்ளிய நேரம், ஆடிக்காற்றில் பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. காற்றை நினைக்காமல் தண்ணீரை மட்டும் கணக்குப் பார்த்தது எங்கள் இருவர் தவறும்தான்.

காற்றுப் பாதையில் வாழை வைப்பவர்கள், குலை தள்ளுவது ஆனி, ஆடியில் வராதபடி நடவு மாதத்தைக் கணக்கிடுங்கள். மேற்கு வரப்பில் சவுக்கு, அகத்தியை முன்கூட்டியே வளர்த்துவிடுங்கள். முட்டுக் கொடுக்கவும் மறக்காதீர்கள்.