ஐந்தாண்டுக் கணக்கு

கிளாஸ்கோ,
2024 அக்டோபர்

அன்புள்ள நண்பா,

பாப்பா மேல்படிப்புக்கு இங்கே வந்தால் அந்த வருஷங்கள் பின்னால் குடியுரிமைக் கணக்கில் சேருமா என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் வீட்டுக்காரப் பெண்ணோடு தினமும் ராத்திரி சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசியதில், அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்தது. அதையும் சேர்த்தே கேள்.

வீடு போலக்ஷீல்ட்ஸ் பகுதியில், செம்மணற்கல்லில் கட்டிய பழைய மாடிக் கட்டடம். கென்மூர் தெரு கூப்பிடு தூரம். அங்கே 2021 மே 13, ரம்ஜான் பெருநாள் காலையில், இரண்டு இந்தியர்களைக் குடியேற்றத் துறைக்காரர்கள் வேனில் ஏற்ற, அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து வேனைச் சூழ்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் வேனுக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் இருவரையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் இவளும் நின்றிருக்கிறாள். யார் தங்கள் ஊர்க்காரர் என்பதில் அந்தத் தெருவுக்குக் குழப்பமே இல்லை. உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸுக்குத்தான் அதற்கு ஃபைல் வேண்டியிருக்கிறது.

இவள் போலந்துக்காரி. 2013-இல் இந்த ஊருக்குப் படிக்க வந்தவள். ஸ்காட்லாந்தில் பட்டப்படிப்பு நான்கு வருஷம். அப்போது ஐரோப்பிய ஒன்றியத்து மாணவர்களுக்கு இங்கே கட்டணம் கிடையாது. உள்ளூர் மாணவருக்கு உள்ள சலுகையை ஒன்றியத்தின் மற்ற நாட்டவருக்கும் தர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் ஒரே நாட்டுக்குள் இருக்கும் இங்கிலாந்துக்காரருக்குப் பொருந்தாது. ஆகவே வார்சாவிலிருந்து வருபவர் இலவசமாகப் படித்தார், லண்டனிலிருந்து வருபவர் வருஷத்துக்கு 9,000 பவுண்டு வரை கட்டினார். இந்த ஊர்ப் பல்கலைக்கழக வகுப்புகளில் பாதி ஐரோப்பா உட்கார்ந்திருந்தது இப்படித்தான்.

கட்டணம் இல்லை, வீட்டிலிருந்து செலவுக்குப் பணம் வந்தது. பகுதிநேர வேலைக்குப் போகாமல் ஒழுங்காகப் படித்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

ஒன்றியத்துக் குடிமகன் எந்த உறுப்பு நாட்டிலும் போய் வாழலாம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு மேல் தங்க வேண்டுமானால் ஏதாவது ஒரு வகைக்குள் வர வேண்டும்: தொழிலாளி, சொந்தத் தொழில் செய்பவர், சொந்தப் பணத்தில் வாழ்பவர், மாணவர். இப்படி ஐந்து வருஷம் தொடர்ந்தால் நிரந்தர வசிப்புரிமை. தொழிலாளிக்கு வேலை இருந்தால் போதும். மாணவரோ செலவுக்குப் பணம் இருப்பதாக உறுதி தருவதோடு முழுமையான மருத்துவக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். இங்கே யார் மருத்துவக் காப்பீடு எடுக்கிறார்கள்? வந்த உடனே பக்கத்து டாக்டரிடம் பெயர் பதிந்தால் அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ். பார்த்துக்கொள்கிறது, பணமும் கேட்பதில்லை. இவளும் பதிந்துகொண்டாள். ஆனால் என்.எச்.எஸ். என்பது காப்பீடு ஆகாது என்பது ஹோம் ஆபீஸின் வாதம். தனி பாலிசி இல்லாமல் படித்த வருஷங்களில் யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. ஐந்தாண்டுக் கணக்கில் அவை ஏறாது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொந்த நாடு தரும் ஐரோப்பிய மருத்துவ அட்டையைக் காட்டினால் அதைக் காப்பீடாக ஏற்றுக்கொள்வார்கள். அந்த அட்டை தற்காலிகமாகத் தங்குபவருக்கு உரியது என்பதால், நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லை என்று மாணவர் சொல்ல வேண்டும். அதாவது, போய்விடுவேன் என்று சொன்னவருடைய வருஷங்கள் இங்கேயே இருப்பதற்கான கணக்கில் சேரும்!

இன்னொன்றும் கேள். இவளோடு அறையில் இருந்த ஸ்லோவாக்கியப் பெண் படிக்கும்போதே ஒரு உணவகத்தில் வாராவாரம் தட்டு கழுவினாள். ஒழுங்கான சம்பளச் சீட்டு இருந்தது. ஆக சட்டத்தின் பார்வையில் அவள் தொழிலாளி. காப்பீட்டுப் பேச்சே எழவில்லை. எப்போதோ பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்டாள். நூலகத்தில் உட்கார்ந்து முதல் வகுப்பில் தேறியவள் இன்னும் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

காப்பீட்டு விவகாரம் பலருக்கும் உறைத்தது 2016-க்குப் பிறகுதான். 2014-இல் ஸ்காட்லாந்து தனிநாடாகலாமா என்ற வாக்கெடுப்பில் இவள் ஓட்டுப் போட்டிருக்கிறாள். 2016 ஜூன் 23-இல், ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று கேட்டபோது, அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களைத் தவிர மற்ற ஐரோப்பியர்களுக்கு ஓட்டு இல்லை. விலகுவது என்று முடிவு வந்ததும் எல்லாரும் நிரந்தர வசிப்பு ஆவணத்துக்கு ஓடினார்கள். 2015 நவம்பரிலிருந்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் ஐரோப்பியரிடம் அந்த ஆவணம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். படிவம் 85 பக்கம். இவளுக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் காப்பீடு என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

பிறகு 2019-இல், ஏற்கெனவே இங்கே வாழும் ஐரோப்பியருக்கு நிரந்தர அனுமதி தரும் செட்டில்டு ஸ்டேட்டஸ் திட்டம் வந்தது. அதில் காப்பீடு கேட்கவில்லை, கட்டணமும் இல்லை. ஐந்து வருஷம் இங்கே இருந்தாயா என்று மட்டும் பார்த்தார்கள். ஃபோனை பாஸ்போர்ட் மேல் வைத்து ஸ்கேன் செய்தாள், கிடைத்துவிட்டது. பன்னிரண்டு மாதம் கழித்துக் குடியுரிமைக்குப் போகலாம் என்று காத்திருந்தபோது, 2020 மே மாதம் ஹோம் ஆபீஸ் வழிகாட்டுதலைத் திருத்தியது. செட்டில்டு ஸ்டேட்டஸ் இருந்தாலும், முந்தைய ஐந்து வருஷமும் சட்டப்படி வசித்ததைக் காட்ட வேண்டும். முன்வாசலில் விட்ட காப்பீடு கொல்லைப்புறமாக வந்து நின்றது. விண்ணப்பம் தள்ளுபடியானால் ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு கட்டணமும் போய்விடும். யோசித்து நிறுத்திவிட்டாள்.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது வட அயர்லாந்தில் வாழ்ந்த ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தின் வழக்கு. அவர்களுடைய மகன் அங்கே பிறந்ததால் ஐரிஷ் குடிமகன். குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை தொடர்பான தகராறு அது. குடியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2022 மார்ச் 10-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பொது மருத்துவ அமைப்பில் சேர்ந்திருந்தால் அதுவே முழுமையான காப்பீடு. அதே வருஷம் ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால், நிரந்தர அனுமதி பெற்றவரின் பழைய வசிப்பைத் தோண்ட வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அத்தனை வருஷம் வாதாடியது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து இவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் மாதக்கணக்கில் ஊரோடு இருக்க நேர்ந்தது. அதனால் இப்போது வேறு கணக்கு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருஷத்தில் 450 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது, கடைசி ஒரு வருஷத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் வெளிநாட்டு நாளாகாது. ஐரோப்பியர் பாஸ்போர்ட்டில் அப்போதெல்லாம் இங்கே முத்திரை குத்தியதும் இல்லை. எனவே மின்னஞ்சலில் பழைய விமான டிக்கெட்டுகளைத் தேடித் தேடி எக்ஸெல்லில் ஏற்றுகிறாள். கிளாஸ்கோவிலிருந்து போய் எடின்பரோ வழியாகத் திரும்பியவை, தவறவிட்ட விமானங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு குறிப்பு. விண்ணப்பம் போய்ச்சேரும் தேதிக்குச் சரியாக ஐந்து வருஷம் முன்னால் இந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்றும் விதி. நேற்று ராத்திரி பார்த்தால், அவள் குறித்து வைத்திருந்த தேதியில் 2019-இல் க்ராக்கோவில் ஒரு கல்யாண வீட்டில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஃபேஸ்புக் படமே இருக்கிறது. விண்ணப்பத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டாள்.

மற்றதெல்லாம் சுலபம். இங்கேயே பட்டம் வாங்கியதால் ஆங்கிலத் தேர்வு இல்லை. 'லைஃப் இன் தி யூகே' தேர்வுக்கு 50 பவுண்டு. 45 நிமிஷத்தில் 24 கேள்வி, 18 சரியாக இருக்க வேண்டும். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளை என்னிடம்தான் ஒப்பித்துப் பார்த்தாள். விண்ணப்பக் கட்டணமும் குடியுரிமை விழாக் கட்டணமுமாக இந்த 2024-இல் 1,630 பவுண்டு. போலந்துக் குடியுரிமை போகாது என்பது அவளுக்கு நிம்மதி. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்றேன். அவளால் நம்ப முடியவில்லை.

மாடி அறையில் இருக்கும் ஸ்பெயின் பையன் சென்ற வருஷம் வந்தவன். விலகலுக்குப் பிறகு வந்ததால் அவனுக்கு முழுக் கட்டணம், மாணவர் விசா, அதோடு என்.எச்.எஸ்.ஸுக்கென்று முன்கூட்டியே கட்ட வேண்டிய தொகை. இப்போது விண்ணப்பிக்கிற மாணவருக்கு அது வருஷத்துக்கு 776 பவுண்டு. காப்பீடு இருந்ததா என்று இவனை யாரும் கேட்க முடியாது, ரசீதே இருக்கிறது. ஆனால் மாணவர் விசாவில் கழிந்த காலம் நிரந்தர அனுமதிக்கான ஐந்தாண்டு வழியில் சேராது. தொடர்ந்து பத்து வருஷம் சட்டப்படி இருந்தால் கிடைக்கும் வழியில்தான் சேரும்.

பாப்பாவுக்கும் இதே பதில்தான். படிப்பு முடிந்து தரும் இரண்டு வருஷ வேலைத்தேடல் விசாவும் அப்படியே. வேலை கொடுப்பவர் ஸ்பான்சர் செய்யும் விசா கைக்கு வந்த அன்றுதான் ஐந்து வருஷம் எண்ணத் தொடங்கும். வருவதாக முடிவெடுத்தால், முதல் டிக்கெட்டிலிருந்து மின்னஞ்சல் ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
உன் நண்பன்