சால்மன் மீனும் ஒரு சின்னப் படகும்

நம் ஊர்ப் பெரிய மார்க்கெட்டில் காலா மீனைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். இப்போது குளிர்சாதனக் கடைகளில் அதே மீனை 'இந்தியன் சால்மன்' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். காலாவுக்கும் சால்மனுக்கும் உறவுமுறை எதுவும் கிடையாது. காலாவுக்கு மார்புத் துடுப்பின் கீழே நூல் நூலாகத் தொங்கும். சால்மனுக்கு அது இல்லை. சால்மனுக்கு முதுகின் பின்பக்கம், வாலுக்குச் சற்று முன்னால், முள் இல்லாத ஒரு சின்னச் சதைத் துடுப்பு இருக்கும். ஒரு பெருவிரல் நகம் அளவுதான். ஒரு நாள் முழுதும் பட்ட பாடு அந்தத் துண்டில் போய் முடியும் என்பதை நான் நேரில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 'சோமோன்' என்ற சொல்லை 7 வயதில் கரும்பலகையைப் பார்த்து எழுதினேன். அந்த மீனைக் கண்ணால் பார்த்தது 71 வயதில். என் மகளும் மாப்பிள்ளையும் கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவில் இருக்கிறார்கள். ஒரு ஆகஸ்டில் இரண்டு மாதம் அங்கே தங்கினேன். பகலில் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் நீச்சலுக்குப் போய்விடுவான். ஓய்வு பெற்றவனுக்கு அந்த ஊரில் செய்ய ஒன்றும் இல்லை. வாசலில் உட்கார்ந்து எதிர் வீட்டுக்காரர் படகைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பிறந்தது கியூபெக். நான் பிரெஞ்சு பேசுவேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். மறுநாளே வேலிக்கு வந்துவிட்டார். எங்கள் பள்ளியில் பெரியவர்களை 'வூ' என்றுதான் அழைக்க வேண்டும், 'த்யூ' என்றால் பிரம்படி. இவரோ முதல் வாக்கியத்திலேயே என்னை 'த்யூ' என்று ஆரம்பித்தார். கியூபெக்கில் அப்படித்தானாம். நான் கடைசி வரை 'வூ'தான். அவர் 'நீ', நான் 'நீங்கள்'. அப்படியே நட்பாகிவிட்டது.

அவர் என்னைப் படகுக்கு அழைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் விரல் கணுக்களில் வாதம். தூண்டில் ராட்டையைச் சுற்றும்போது படகை ஓட்ட ஆள் வேண்டும், வலையைப் பிடிக்க ஆள் வேண்டும். அவர் மனைவி உடம்பு முடியாமல் இருந்தார், பழையபடி கூட வர முடியவில்லை. 'தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வருகிறாயா?' என்றார்.

புறப்பட்ட துறைமுகத்தின் பெயர் பிரெஞ்ச் கிரீக். பார்க்ஸ்வில், குவாலிகம் பீச் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே இருக்கிறது. எதிரே லஸ்கீட்டி தீவு, அதற்கும் அப்பால் கனடாப் பெருநிலத்தின் மலைகள். இடையில் இருக்கும் கடலுக்கு ஜார்ஜியா நீரிணை என்று பெயர். நம் வங்கக்கடல் போலக் கரையில் அலை உடைவதில்லை. ஏரி போல இருக்கும், ஆனால் அடியில் ஓடும் நீரோட்டம் பலமானது.

படகு 16 அடி அலுமினியம். அதை அவர் 'ஷலூப்' என்பார். நம் ஊர்ச் சலங்கை பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலாங்க்' என்று தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்ட கதையைச் சொன்னேன். கப்பல் கரைக்கு வர முடியாத நம் கடலில் ஆட்களையும் மூட்டைகளையும் அலை தாண்டிக் கொண்டு வந்தது அந்தத் தையல் படகுதான் என்றேன். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகா என்று இரண்டு முறை கேட்டார்.

இனி தொழில் விஷயத்துக்கு வருகிறேன். வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் வஞ்சிரத்துக்குத் தங்கூசி நரம்பைப் பின்னால் விட்டு இழுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பசிபிக் கடலில் ஐந்து வகைச் சால்மன் முக்கியம்: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். இந்த ஐந்தும் முட்டையிட்டபின் செத்துவிடும். அதனால் ஆற்றை நோக்கி வரும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

சால்மன் பிடிப்பதில் முதல் கேள்வி ஆழம். சினூக் 100 அடிக்குக் கீழே, சில சமயம் அதற்கும் கீழே நிற்கும். கோஹோ மேலே, 30 முதல் 60 அடிக்குள் சுற்றும். அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டு போய் நிறுத்த, படகின் ஓரத்தில் ஒரு சிறு ராட்டினம் இருக்கிறது. டவுன்ரிக்கர் என்பார்கள். அதில் எஃகுக் கம்பி, கம்பியின் நுனியில் 12 பவுண்டு ஈயக் குண்டு. தூண்டில் நரம்பை ஒரு கவ்வியால் அந்தக் கம்பியில் மாட்டிக் குண்டோடு சேர்த்து இறக்குவார்கள். எத்தனை அடி போனது என்று ராட்டினத்தின் மேலேயே எண் தெரியும். மீன் கடித்து இழுத்தால் நரம்பு கவ்வியிலிருந்து விடுபடும். வளைந்து நின்ற தூண்டில் கழி படக்கென்று நிமிரும். அதன் பிறகு மீனுக்கும் ஆளுக்கும் நடுவே ஈயம் இல்லை, நரம்பு மட்டும்தான்.

இரைக்கு முன்னால் ஃபிளாஷர் என்று ஒரு பளபளப்பான பட்டை. 11 அங்குலம். தண்ணீரில் சுழன்று சுழன்று மின்னும். இன்னொரு மீன் இரையைத் துரத்துகிறது என்று சால்மன் நினைத்துக்கொள்ளுமாம். அதற்குப் பின்னால் 32 அங்குல நரம்பில் ஹூச்சி என்ற ரப்பர்க் கணவாய். அந்த நரம்பை நீளமாக விட்டால் கணவாயின் துள்ளல் குறையும், குட்டையாக விட்டால் கூடும். கோஹோவுக்குத் துள்ளல் பிடிக்கும், படகும் கொஞ்சம் வேகமாகப் போகலாம். சினூக்குக்கு நிதானம் வேண்டும்.

எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. நேர்கோட்டில் ஓட்டக் கூடாது, பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். வளைவில் உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலே வரும். எந்தப் பக்கம் மீன் கடிக்கிறது என்று பார்த்தால் அன்றைக்கு மீன் கேட்பது வேகமா, மெதுவா என்று தெரிந்துவிடும். படகு ஓட்டுகிறவன் கையில்தான் பாதித் தொழில் இருக்கிறது. அந்த வேலையை அவர் என்னிடம் விட்டார்.

இரண்டாவது கேள்வி நேரம். ஏற்றமும் வற்றமும் மாறுகிற அந்த இடைவெளிதான் நல்ல நேரம். ஓட்டம் பலமாக இருக்கும்போது சின்ன மீன்கள் நிலமுனைக்குப் பின்னால் சுழிக்குள் ஒதுங்கும். ஓட்டம் தளர்ந்ததும் சால்மன் அங்கே வரும். கடற்பறவைகள் ஒரே இடத்தில் கூடிக் கத்தினால் கீழே ஹெர்ரிங் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். இதை நம் கட்டுமரக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது, அட்டை போட்டு, உப்பேறிப் போயிருந்தது. தேதி, ஏற்ற நேரம், ஆழம், ஹூச்சியின் நிறம், என்ன மீன், எத்தனை பவுண்டு. அரசாங்க அலுவலகத்தில் 36 வருடம் பதிவேடு எழுதியவன் நான். இவ்வளவு சுத்தமான பதிவேட்டை அங்கே அதிகம் பார்த்ததில்லை. அதில் கடைசிப் பத்திக்குத் தலைப்பு 'ரெமி ஆ லோ'. தண்ணீரில் திரும்ப விட்டவை.

அங்கே மீன் பிடிக்க உரிமம் வேண்டும். பிடித்த சால்மனை வைத்துக்கொள்ள உரிமத்தோடு சால்மன் ஸ்டாம்ப் ஒன்றும் வாங்க வேண்டும். நம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஞாபகம் வந்தது! கனடாவின் மத்திய அரசு காகிதம் எல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும். விதிகளைப் பிரெஞ்சில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது. சினூக்கை வைத்துக்கொண்டால் உடனே, படகிலேயே, உரிமத்தில் பதிந்துவிட வேண்டும். கோஹோ 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். நாங்கள் போன சமயம் அந்தப் பகுதியில் இன்னொரு விதியும் இருந்தது: வளர்ப்புக் கோஹோவை மட்டுமே வைத்துக்கொள்ளலாம், காட்டுக் கோஹோவை விட்டுவிட வேண்டும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? இங்கேதான் அந்தச் சதைத் துடுப்பு வருகிறது. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் குஞ்சுகளை ஆற்றில் விடுமுன் அந்தத் துடுப்பை நறுக்கிவிடுகிறார்கள். துடுப்பு இல்லாவிட்டால் வளர்ப்பு, வைத்துக்கொள். துடுப்பு இருந்தால் ஆற்றில் தானாகப் பிறந்தது, விட்டுவிடு. 1990களில் அந்தக் கரையில் கோஹோ மிகவும் குறைந்துபோனது. 1998ல் மீன்வள அமைச்சராக இருந்த டேவிட் ஆண்டர்சன், ஆபத்தில் இருந்த கூட்டங்கள் வரும் இடங்களில் கோஹோ பிடிப்பதையே நிறுத்தினார். தொழிலை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. காட்டுக் கோஹோவை விட்டுவிடும் வழக்கம் அந்தக் கரையில் நிலைத்தது அந்தக் கஷ்ட காலத்தில்தான்.

நாங்கள் ஐந்து முறை போனோம். நான்கு முறை சின்னக் கோஹோ ஒன்றிரண்டு. ஐந்தாம் முறை அவர் மனைவி, 'இந்த வருஷம் ஒரு நல்ல மீன் கொண்டு வாருங்கள்' என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வருடம் படகை விற்றுவிடுவதாக அவர் முன்பே முடிவு செய்திருந்தார். அதனால் அந்த வார்த்தைக்குக் கனம் அதிகம்.

காலை 10 மணிக்கு ஏற்றம் நின்ற நேரம். 45 அடியில், இடது வளைவில், வெளிப்பக்கத் தூண்டில் நிமிர்ந்தது. வெள்ளிக் கட்டி போல ஒரு கோஹோ தண்ணீரை விட்டு மேலே பாய்ந்தது. அவர் ராட்டையைச் சுற்றும்போது வலி முகத்தில் தெரிந்தது. கழியை என்னிடம் கொடுக்கவில்லை. கால் மணி நேரம் போராடிப் படகின் ஓரத்துக்குக் கொண்டு வந்தார். 12 பவுண்டுக்குக் குறையாது. நான் வலையைக் கையில் எடுத்தேன்.

'வலை வேண்டாம், பொறு' என்றார்.

குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். ஈறு வெளுப்பு, வாலின் மேல் பாதியில் மட்டும் புள்ளி. சந்தேகமில்லாமல் கோஹோ. முதுகில், வாலுக்கு முன்னால், அந்தச் சதைத் துடுப்பு முழுசாக நின்றது.

சுற்றிப் பார்த்தேன். ஒரு மைலுக்கு வேறு படகு கிடையாது. இன்ஸ்பெக்டரும் கிடையாது. துடுப்பை ஒரு கத்தியால் சீவிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் என் மனதில் ஓடியது. அவர் மனதில் ஓடியதா என்று நான் கேட்கவில்லை. மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், ஒரு வளைந்த கம்பியைக் கொக்கியின் தண்டில் மாட்டித் திருப்பினார். எதிர்முள் இல்லாத கொக்கி வழுக்கி வெளியே வந்தது. மீன் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு வாலை ஒரு தடவை அடித்துக் கீழே போய்விட்டது.

நான் பார்த்த வேலையில் விதிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் மேலே ஒருவர் பார்க்கிறார் என்றால் ஒரு மாதிரி, பார்க்கவில்லை என்றால் வேறு மாதிரி. தணிக்கை வரும் வாரத்தில் மட்டும் கோப்புகள் நேராக நிற்கும். நம் கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அது துறைமுகத்தில் நின்று எண்ணிப் பார்க்கக்கூடிய விதி. நடுக்கடலில் கையில் இருக்கும் ஒரு மீனை விடுவது வேறு. அங்கே அதிகாரியும் அவர்தான், குமாஸ்தாவும் அவர்தான்.

'வருத்தமாக இல்லையா?' என்று கேட்டேன்.

'இருக்கிறது. அவளுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'உண்மையைத்தான் சொல்ல வேண்டும், துடுப்பு இருந்தது என்று. அவளுக்குப் புரியும். அவள்தான் எனக்கு முதலில் சொல்லித் தந்தாள்' என்றார்.

அன்று மதியம் வரை வேறு மீன் கடிக்கவில்லை. திரும்பும் வழியில் விரல் மடங்கவில்லை என்று நோட்டை என்னிடம் நீட்டினார். தேதி, ஏற்ற நேரம், 45 அடி, பச்சை ஹூச்சி, கோஹோ, சுமார் 12 பவுண்டு. கடைசிப் பத்தியில் '1' என்று எழுதினேன். பக்கங்களைப் புரட்டினேன். 20 வருடத்துக் கணக்கில் வீட்டுக்குக் கொண்டு போனதைவிடத் திரும்ப விட்டவையே அதிகம்.

படகை அவர் சொன்னபடியே மறு வருடம் ஒரு இளைஞனுக்கு விற்றுவிட்டார் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். மாப்பிள்ளை வாங்கிப் பேசினார்: 'மாமா, படகோடு அந்த நோட்டையும் கொடுத்துவிட்டாராம். ஆழமெல்லாம் அதில் இருக்கிறது, புதுப் பையனுக்கு உதவும் என்றாராம்.' ஆழத்தோடு அந்தக் கடைசிப் பத்தியையும் அந்தப் பையன் படிக்கட்டும்.