நான் போட்ட பூஜ்ஜியம்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவன் நான். 2016-ல் செல் பாடத்துக்காகக் கம்ப்யூட்டர் லேபில் ‘செல்கிராஃப்ட்’ என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். 2010-ல் வந்தது. குளுக்கோஸ் சேர்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா அதிலிருந்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை உண்டாக்கும், அதைச் செலவழித்து ரைபோசோம், லைசோசோம் எல்லாம் உண்டாக்கி வைரஸைச் சமாளிக்க வேண்டும். கரும்பலகைப் படத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்ட பையன்கள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. ஒரு நுண்ணுறுப்பு நின்றால் மற்றதெல்லாம் தடுமாறும் என்பதை எந்தப் படமும் அப்படிக் காட்டாது. இன்றும் அதை நம்புகிறேன்.

ஆனால் நான் அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேறொரு வகுப்பின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“சார், ஏ.டி.பி. நிறைய இருக்கு. சேத்து வெச்சுக்கலாமா?” என்று ஒருவன் கேட்டான்.

“வெச்சுக்கோடா, வைரஸ் வந்தா தேவைப்படும்” என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மாதத் தேர்வில், செல் ஆற்றலை எப்படிச் சேமிக்கிறது என்று கேட்டிருந்தேன். ‘ஏ.டி.பி.யாகச் சேர்த்து வைத்து ஆபத்தில் செலவழிக்கும்’ என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். பக்கத்திலேயே, திரையில் பார்த்த ஏ.டி.பி. மீட்டர் மாதிரி ஒரு நீளக் கட்டம் வரைந்து, பென்சிலால் முக்கால்வாசி நிரப்பியிருந்தான். இன்னும் பதினொரு பேர் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

ஏ.டி.பி. சேமிப்பு இல்லை. நம் தசையில் இருப்பது முழு வேக ஓட்டத்தில் சில நொடிக்குத்தான் காணும். தீரத் தீர மறுபடி உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளில் இப்படிப் புரளும் ஏ.டி.பி.யை எடை போட்டால் ஏறக்குறைய நம் உடல் எடை வரும். சேமிப்பு என்றால் கிளைக்கோஜனும் கொழுப்பும்தான். திரையை நிறுத்தி, ‘இந்த மீட்டர் நிஜ செல்லில் உண்டா?’ என்று கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. பன்னிரண்டு தாளிலும் சிவப்பு மையால் அடித்துப் பூஜ்ஜியம் போட்டேன்.

தாளைக் கொடுத்த அன்று அவன் மேஜைக்கு வந்தான். “நீங்கதானே சார் சேத்து வெச்சுக்கச் சொன்னீங்க?”

“விளையாட்டு வேற, பாடம் வேற. புக்கைப் படி.”

விளையாட்டையே பாடமாகக் கொடுத்தவன் நான். அது தெரிந்தேதான் சொன்னேன். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். மாலையில் மதிப்பெண் பட்டியலை ஆபீஸில் கொடுத்தேன், ஒரு எண்ணைக்கூட மாற்றாமல்.