பாய்க்கு அடியில் தண்ணீரின் வழி

செயற்கைப் புல் விரிக்க வந்தவர்கள் முதலில் கேட்டது ஒரு வாளித் தண்ணீர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்தக் கடைவீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, வாளியை முற்றத்தின் மேல்மூலையில் மெல்லச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பதைக் கடந்த மூத்த தொழிலாளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீர் போகும் போக்கைப் பார்த்தார். வடிகாலுக்கு நாலடி முன்பாக, இரண்டு கருங்கல் பலகைகள் சேரும் இடத்தில் அது தேங்கி நின்றது.

"தம்பி, இங்க வாட்டம் இல்ல. குறி போட்டு வை."

இளையவர் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார்.

மலேசியாவின் பினாங்கில் இந்தச் சாலைக்கு முன்பு பிட் தெரு என்று பெயர். 1801இல் காதர் முகைதீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலைச் சுற்றி வணிகமும் குடியிருப்பும் வளர்ந்தன. முன்னால் கடை, பின்னாலும் மாடியிலும் வீடு என்பது இங்குள்ள அமைப்பு. இருபுறமும் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால், வெளிச்சமும் காற்றும் வானம் பார்த்த முற்றம் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். கூரையில் விழும் மழையும் அங்கேதான் இறங்கும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் முற்றத்தை மற்றத் தரையைவிடத் தாழ்த்தி, கருங்கல் பாவி, வடிகாலை நோக்கிச் சரித்துவிட்டார்கள்.

இந்த வீட்டு முற்றம் மூன்று பூனைகளின் ராஜ்ஜியம். மழைக்காலத்தில் கல்லில் பாசி படிந்து வழுக்குகிறது என்பது வீட்டுக்கார அம்மாவின் கவலை. மண் நிரப்பி நிஜப் புல்லே வளர்க்கலாமே என்றால், நண்பகலை ஒட்டிய சிறிது நேரம்தான் இங்கே வெயில் நேராக விழுகிறது. புல்லுக்கு அது போதாது.

செயற்கைப் புல் உலகப் புகழ் பெற்றதும் வெளிச்சக் குறைவால்தான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965இல் திறந்த ஆஸ்ட்ரோடோம் அரங்கின் கூரை வழியே வந்த கூசும் வெளிச்சம், பந்து பிடிப்பவர்களின் கண்ணை மறைத்தது. கூரைக்குச் சாயம் பூசினார்கள். கீழே இருந்த புல் செத்தது. 1966இல் மான்சாண்டோ நிறுவனத்தின் நைலான் புல்லை அங்கே விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த அரங்கிலிருந்து வந்தது. இன்று வீடுகளுக்கு வரும் சுருள்களில் இழை பெரும்பாலும் பாலிஎதிலீன்.

குறி போட்ட பள்ளத்தைச் சிமெண்டால் பூசி மேவிவிடலாமே என்று இளையவர் கேட்டார். மூத்தவர் மறுத்துவிட்டார். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய செங்கல் சுவர், மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மெல்லக் காற்றில் விடும். தரையைச் சிமெண்டாலோ பசையாலோ அடைத்தால் ஈரம் சுவரில் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், காரை பொரிந்து உதிரும். இந்த வீடு இருக்கும் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிய நகரம். இங்கே பழைய வீட்டைத் திருத்தக் கட்டுப்பாடுகளும் உண்டு.

ஆகவே கல்லில் கை வைக்கவில்லை. துளையுள்ள பிளாஸ்டிக் தட்டுகளை, குட்டைக் கால்கள் கீழே இருக்கும்படி, ஒன்றோடொன்று கோத்துப் பரப்பினார்கள். பள்ளத்தில் தேங்கும் தண்ணீரைத் தட்டைத் தூக்கித் துடைத்துவிடலாம். சுவரோரம் நாலு புறமும் இரண்டு விரல் இடம் விட்டார்கள்.

அடுத்தது இணைப்பு. இரண்டு மீட்டர் அகலச் சுருள் முற்றத்துக்குப் போதவில்லை. இரண்டு துண்டையும் ஒரே பக்கம் இழை சாயும்படி வைத்தார்கள். திசை மாறினால் ஒன்று வெளிர்ந்தும் மற்றொன்று கறுத்தும் தெரியும். மூத்தவர் புல்பாயைக் குப்புறப் போட்டு, தையல் வரிகளுக்கு நடுவே கத்தியை ஓட்டினார். ஓரங்களைச் சேர்க்கும்போது, இரு வரிகளுக்கு இடையே இயல்பாக உள்ள இடைவெளியையே இணைப்பிலும் விட்டார். நெருக்கினால் மேடு தட்டும், விலக்கினால் கோடு விழும். அடியில் நாடா வைத்துப் பசை தடவி, இடையில் சிக்கிய இழைகளை ஆணி நுனியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டார். அந்த வேலையை மட்டும் இளையவரிடம் தரவில்லை.

வளர்ப்புப் பிராணி உள்ள வீட்டில் நாற்றம்தான் பெரும் புகார். சிறுநீரிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அடிப்பூச்சு ஈரம் உறிஞ்சும் லேடெக்ஸ் என்றால் நாற்றம் அதிலேயே தங்கிவிடும் என்பதால், பாலியூரித்தேன் பூச்சும் வடிதுளைகளும் உள்ள பாயைத் தேர்ந்திருந்தார்கள். நாய் வீடுகளில் இழைகளுக்கு இடையே ஸியோலைட் துகள் தூவுவதுண்டு. அது அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும். இங்கே எதையும் தூவவில்லை. "மணல் மாதிரி எதைப் பாத்தாலும் பூனை தோண்டி ஒண்ணுக்குப் போயிரும்மா. அதுக்கு மண்தட்டைத் தனியா ஒரு மூலையில வைங்க" என்று அந்த அம்மாவிடம் மூத்தவர் சொன்னார்.

வெயிலைப் பற்றியும் எச்சரித்தார். அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் அளந்தபோது, செயற்கைப் புல்லின் மேற்பரப்பு பகல் சராசரியாக ஏறத்தாழ 47 டிகிரி செல்சியஸ் சுட்டது. இயற்கைப் புல் 26 டிகிரியை ஒட்டியே இருந்தது. முற்றத்தில் வெயில் நேராக விழும் நண்பகல் நேரத்தில் தண்ணீர் தெளித்தால் சூடு தணியும், ஆனால் சீக்கிரமே திரும்பிவிடும். நிழல்துணியே மேல். பாய் தேயத் தேய உதிரும் இழைத்துணுக்குகள் சாக்கடை வழியே கடலுக்குப் போகும் என்பதால், வடிகால் வாயில் ஒரு வலையும் கட்டினார்கள்.

கடைசியாக மறுபடி ஒரு வாளித் தண்ணீர். பாயில் விழுந்த தண்ணீர் அடியில் இறங்கி, வடிகாலில் வந்து விழுந்தது. மாதம் ஒருமுறை பாயைச் சுருட்டி, தட்டுகளைக் கழுவி, சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறுகிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சாமான்களை வேனில் ஏற்றினார்கள். மறுநாள் வேலை பாயான் லெப்பாஸ் பக்கம், புது வீடு, சிமெண்டுத் தரை, பெரிய நாய். ஸியோலைட் மூட்டை அதற்காக வேனிலேயே இருந்தது. அங்கே வாட்டம் சரியில்லை என்றால் தரையை உடைத்துத் திருத்தலாம் என்றார் மூத்தவர்.