ஆறு மாதப் பயணமும் அலுமாரிக் கடதாசிகளும்

 

மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய நாவுக்கு ஒரு நோயுண்டு. தெரியாத விடயத்திலும் அது பதில் சொல்லிவிடும். என் நாவு அப்படிச் சொன்ன ஒரு பதிலைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

என் தங்கையின் கணவர் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறார். 2022 நவம்பர் முதலாம் திகதி அவரை ஆறு மாதத்திற்குத் துபாய்க் கிளைக்கு அனுப்பினார்கள். கொழும்புச் சம்பளம் வழமைபோல் இங்கே கிடைத்தது. அங்கே திர்ஹமில் தனியாக ஒரு கொடுப்பனவும் இருந்தது. அதை அவர் உண்டியல் மூலம் வீட்டுக்கு அனுப்பினார்.

புறப்படுமுன், "மச்சான், அந்தக் காசுக்கு இங்க வரி கட்டணுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"துபாயிலேயே சம்பளத்துக்கு வரி இல்ல. இங்க எதுக்கு?" என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள் வரிக் கடிதம் வந்தது. வரியோடு தண்டமும் சேர்ந்திருந்தது. உம்மாவை உம்ராவுக்கு அனுப்பச் சேர்த்து வைத்த பணத்தை எடுத்தே கட்டினார்கள். "நானா, நீங்கதானே சொன்னீங்க" என்றாள் தங்கை. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தைத்து வைத்திருந்த வெள்ளை உடுப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அதன் பின்னர்தான் விபரம் அறிந்த ஒருவரிடம் போய் மாணவனைப் போல் உட்கார்ந்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

நமது நாட்டின் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம், ஒருவர் எங்கே உழைத்தார் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை நாள் இங்கே இருந்தார் என்றும் எண்ணுகிறது. பன்னிரண்டு மாதத்தில் 183 நாட்களோ அதற்கு மேலோ இலங்கையில் இருந்தவர் வதிவுள்ளவர். அவருடைய உலக வருமானம் முழுவதும் கணக்கில் வரும். ஆண்டு முழுவதும் வளைகுடாவிலேயே இருப்பவர் நிலை வேறு. அவர் வதிவற்றவராயின், வீட்டு வாடகை போன்று இங்கே கிடைக்கும் வருமானத்துக்கே இங்கு வரி.

மச்சான் அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை 214 நாட்கள் இங்கே இருந்திருக்கிறார். ஆகவே வதிவுள்ளவர். வரியுள்ள நாட்டுக்குப் போயிருந்தால், அங்கே கட்டிய வரியைச் சான்று காட்டி இங்கே கழித்துக்கொள்ள வழியுண்டு. துபாயில் கட்டாததால் கழிக்கவும் ஒன்றுமில்லை. வங்கி வழியே வெளிநாட்டு நாணயமாக அனுப்பியிருந்தால் அக்காலச் சட்டத்தில் விலக்குக் கேட்டிருக்கலாம். உண்டியல் அதையும் இல்லாமலாக்கியது. அந்த விலக்கும் 2025 ஏப்ரலோடு முடிந்து, உச்ச வீதம் 15 சதவீதமான வரியாக மாறிவிட்டது.

சகோதரிகளே, கணவர் தற்காலிகமாக வெளிநாடு போகும்போது வீட்டுக் கடதாசிகள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. கடவுச்சீட்டில் போன நாள், வந்த நாள் முத்திரை விழுந்த பக்கங்களைப் பிரதி எடுத்து வையுங்கள். கம்பனி கொடுத்த மாற்றக் கடிதம், இரு நாட்டுச் சம்பளப் பத்திரங்கள், வங்கிப் பற்றுச்சீட்டுகள், அங்கே வரி கட்டியிருந்தால் அதற்கான சான்று, இவையெல்லாம் ஒரே கோவையில் இருக்கட்டும். வரி விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள் என்பதைக் கலண்டரில் குறித்து வையுங்கள். கணக்கு அறிந்தவரிடம் பயணத்திற்கு முன்பே கேளுங்கள். என்னைப் போன்றவரிடம் அல்ல!

இன்னொன்று. "வரி கட்டினால் ஸகாத் கடமை நீங்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நீங்காது. ஸகாத் அல்லாஹ் விதித்த இபாதத். அதைப் பெறுவோரையும் அவனே வரையறுத்துவிட்டான். ஸகாத் கொடுத்தவருக்கு வரியும் நீங்காது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். மத்ரஸாவில் வருடாவருடம் அதை ஓதிக் கொடுக்கிற நான், சொந்தத் தங்கையின் வீட்டில் அதை மறந்துபோனேன். நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

உம்மாவின் உம்ராவுக்காக இப்போது நானும் மாதாமாதம் ஒரு தொகை போட்டு வருகிறேன். துஆச் செய்யுங்கள். நமது உழைப்பை ஹலாலாகவும் கணக்கை நேராகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.