பிடித்த மீனைத் திருப்பி விடுதல்

காரைக்குடியில் வாழும் எங்கள் குடும்பத்துக்குக் கடல் என்றால் தொண்டிதான். என் தாயார் பிறந்த ஊர் அது. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பேருந்தில் சென்று இறங்கினால், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி என் தாய்மாமன் வீடு. எழுபதை நெருங்கும் வயதிலும் அவர் ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் தெப்பத்தைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்.

தெப்பம் என்றதும் கோயில் குளம் நினைவுக்கு வரக்கூடும். இது தெர்மாகோல் பலகைகளை அடுக்கி, மூங்கில் வைத்துக் கட்டி, மேலே சாக்கு போர்த்திய மிதவை. ஓர் ஆள் உட்காரலாம். ஒரு துடுப்பு, தங்கூஸ் நரம்பில் கட்டிய கைத்தூண்டில், கொஞ்சம் இரை, ஒரு குப்பி குடிநீர், அவ்வளவுதான்.

இந்தச் சிறு மிதவையை நம்பிப் போக முடிவதற்குக் காரணம் பாக் விரிகுடா. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இராமேசுவரம் பக்கத்து மக்களோ அதைப் பெண்கடல் என்பார்கள். மன்னார் வளைகுடா ஆண்கடல். தெற்கே தீவும் மணல்திட்டுகளும் மறித்து நிற்பதால், தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும்போதும் இங்கே காலை நேரம் ஓரளவு அமைதியாகவே இருக்கும். ஆழமும் குறைவு. கரையோரத்தில் கடற்புல் படர்ந்திருக்கும். ஓரா, விளமீன், கிழங்கான் எல்லாம் அதையொட்டி மேயும். ஆனால் அமைதியை நம்பி ஏமாறக் கூடாது. ஆடியில் வீசும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையில் அலையே தெரியாது. தெப்பம் மட்டும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். வெயில் ஏறுமுன் மாமு கரை திரும்பிவிடுவது அதனால்தான்.

சென்ற ஆடியில் என் தங்கை மகன் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்தான். சென்னையில் யாரிடமோ பழைய கயாக் ஒன்றை வாங்கி, வேனின் மேலே கட்டித் தொண்டிக்குக் கொண்டு வந்துவிட்டான். தொண்டிக்கு அருகிலுள்ள காரங்காட்டில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்டலாம் என்பதால் எங்கள் பக்கத்துக்கு அது முற்றிலும் புதிய பொருளன்று. அதிலிருந்து தூண்டில் போடுவதுதான் புதிது.

முதல் நாளே விளமீன் நன்றாகப் பிடித்தான். ஆனால் ஒன்றைக்கூடக் கரைக்குக் கொண்டுவரவில்லை. பிடிப்பான், தூக்கிப் படம் எடுப்பான், விட்டுவிடுவான். சற்றுத் தள்ளித் தெப்பத்தில் இருந்த மாமு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கரையேறியதும் கேட்டார்:

“பசிக்கும் இல்லை, விலைக்கும் இல்லை. பிறகு எதற்கு வாப்பா அதன் வாயில் முள்ளை மாட்டினாய்?”

“நன்னா, நீங்கள் பிடித்தால் அது செத்துப்போகிறது. நான் உயிரோடு விடுகிறேன். எது இரக்கம்?”

அவன் இதைக் கற்றது பஹாமாஸ், புளோரிடா பக்கத்துக் காணொளிகளிலிருந்து. அங்கே போன்ஃபிஷ் என்றொரு வெள்ளி மீன் உண்டு. முழங்காலளவு நீரில் மேயும்; தூண்டிலில் பட்டால் அம்பு போல ஓடும்; உடம்பெல்லாம் முள். அந்த ஓட்டத்துக்காகவே கயாக்கிலும் படகிலும் தேடிச் சென்று பிடித்துத் திருப்பி விடுகிறார்கள். ஆனால் களைத்துப்போய்த் திரும்பும் மீனைச் சுறாவும் சீலாவும் எளிதில் பிடித்துவிடுகின்றன என்பதையும் பஹாமாசிலேயே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். வெளியே அதிக நேரம் வைத்திருப்பதும், உலர்ந்த கையால் பிடித்து அதன் மேல் வழவழப்பைத் துடைப்பதும் கேடு.

மாமு மதரஸாவுக்கு அப்பால் படித்தவரல்லர். ஆயினும் அவர் பிடித்துக்கொண்ட இடம் சரியானது. கடல் வேட்டையை ஆகுமாக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம், அது நமக்கும் பயணிகளுக்கும் பயன்படும் பொருளாக ஆக்கப்பட்டது என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. பயன் கருதாமல் விளையாட்டுக்கென்றே வேட்டையாடுவதை வெறுத்த ஃபிக்ஹு அறிஞர்கள் பலர். எனக்கும் மாமுவின் பக்கமே நியாயம் தெரிகிறது. இரக்கம் என்பது மீனை விடும்போது தொடங்குவதன்று; முள்ளை மாட்டலாமா என்று யோசிக்கும்போதே தொடங்க வேண்டியது.

என்றாலும் பையன் இன்னொன்று சொன்னான். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. “ஒரு மீனின் வாய்க்காக என்னைக் கேட்கிறீர்கள். இழுவலை ஒரே இழுப்பில் குஞ்சும் புல்லும் சேர்த்து வாரிப்போடுகிறதே, அதைச் சாப்பிடும்போது யார் ஃபத்வா கேட்டார்கள்?”

கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி விதி இருக்கிறது. கடற்புல்லை மேயும் ஆவுளியாவுக்காக 2022இல் இதே விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில், 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகமும் அறிவித்தார்கள். காரைக்குடிச் சந்தையில் நாம் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். எந்த வலையில் வந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டவரைக் கண்டதும் இல்லை. ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் குர்ஆன் சேர்த்துச் சொல்வது இறைச்சிக் கடைக்கு மட்டுமா?

மாமு அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளி. இருவரும் சேர்ந்தே போனார்கள். பையன் ஆறு விளமீன் பிடித்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட்டான். ஜும்ஆவுக்கு முன்பே இரண்டு மீன் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. இரண்டு மாமு வீட்டுக் குழம்புக்கு. மிச்சம் ஐஸில் வைத்து என்னிடம் வந்தது. மாமு எப்போதும் குஞ்சு மீன்களைக் கடலிலேயே விட்டுவிடுபவர். அவற்றைத் தொடுமுன் கையைக் கடல்நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குப் பையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். இப்போது அப்படியே செய்கிறார்.

தூண்டில் முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிட்டால் மீனுக்குக் காயம் குறையும் என்று அவன் சொன்னதை மட்டும் அவர் ஏற்கவில்லை. “பாதி மீன் கழன்று ஓடிவிடும். கிழிந்த வாயோடு ஓடுகிறதற்கு அது என் சட்டியில் வரட்டும்” என்கிறார். ஷார்ஜாவிலிருந்து பேசும்போதெல்லாம் இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.